மாசிக் கருவாடு வந்த ஊர்: மாலத்தீவில் ஏழு நாட்கள்

முதல் நாள் – மாலே

மாசி போடாத சம்பலை எங்கள் வீட்டில் சம்பல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கருங்கல் மாதிரி இறுகிப்போன அந்தக் கருவாட்டை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் என் தாய்மாமா. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் மரத்தோணியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். போகும்போது வெங்காயம், உருளைக்கிழங்கு, மணல், ஜல்லி. வரும்போது அவர் பையில் ஒரு கட்டு மாசி கட்டாயம் இருக்கும். "தண்ணிக்குள்ள ஒரு ஊரு, அதுல எல்லாரும் மீன் திங்கிறான்" என்பார். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த மாலத்தீவு அவ்வளவுதான்.

மாமா நாலைந்து நாள் காற்றோடு மல்லுக்கட்டிப் போன தூரத்தைத் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது. விசா தொல்லை இல்லை. கிளம்புவதற்கு முன்னால் இணையத்தில் ஒரு பயணப் படிவத்தை நிரப்பினால் போதும், இறங்கியதும் முத்திரை குத்திவிடுகிறார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்தது நல்லதாய்ப் போயிற்று. கடும் நீலத்துக்கு நடுவே வெளிர்பச்சை வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் பொட்டுப் பொட்டாகத் தீவுகள். கடலடியில் இருந்த எரிமலைகள் மெல்ல அமிழ்ந்துபோக, அவற்றைச் சுற்றி வளர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே வளர்ந்து வளையமாக நின்றுவிட்டது. இந்த வளையத்தை இவர்கள் 'அதொளு' என்கிறார்கள். உலகம் முழுக்க வழங்கும் 'அட்டோல்' என்ற சொல்லே இவர்களுடைய திவேஹி மொழியிலிருந்து போனதுதான்.

கணக்குக்கு 1,192 தீவுகள். வடக்கே தொடங்கித் தெற்கே நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போகிறது நாடு. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள தூரத்தைவிட நீளம். ஆனால் அத்தனை தீவையும் அள்ளி ஒரே இடத்தில் கொட்டினால் 298 சதுர கிலோமீட்டர்தான் தேறும். சென்னை மாநகராட்சியே 426. மக்கள் குடியிருப்பது சுமார் 190 தீவுகளில். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால்தான் இந்த நாட்டில் மற்ற எல்லாமே புரியும் என்று நினைக்கிறேன்.

விமான நிலையமும் ஒரு தனித் தீவுதான். வெளியே வந்தால் பத்தடியில் படகுத்துறை. 2018-இல் சீன உதவியோடு கட்டிய பாலம் வந்தபிறகு டாக்சியிலும் தலைநகருக்குப் போகலாம். நான் படகில்தான் ஏறினேன். பத்து நிமிஷம். மாலத்தீவுக்காரர்கள் படகை 'தோனி' என்கிறார்கள். காதில் விழுந்ததும் மாமா ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் – மாலே

மாலே இரண்டு சதுர கிலோமீட்டர் இருக்கும். அதற்குள் ஒரு தலைநகரமே அடங்கியிருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 5,15,000. அதில் 1,30,000 பேருக்கு மேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மொத்த ஜனத்தில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மாலேயிலும் அதை ஒட்டிய தீவுகளிலும் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். சந்துகள் எங்கும் ஸ்கூட்டர்கள், ஒன்றோடு ஒன்று கைப்பிடி மாட்டிக்கொள்ளும்படி நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடங்கள் பக்கவாட்டில் வளர இடமில்லாமல் மேலே வளர்ந்திருக்கின்றன.

மதியத்துக்கு மேல் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். எங்கள் திரேஸ்புரம் கரையைப் பார்த்து வளர்ந்தவன் நான், ஆனாலும் அசந்து நின்றேன். தரையில் வரிசை வரிசையாகச் சூரை. நாம் வரிச்சூரை என்று சொல்வதை இவர்கள் களுபிளமஸ் என்கிறார்கள். வெட்டுகிறவர் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் போட்டார். தலை போயிற்று, தோல் உரிந்தது, முதுகெலும்பு தனியே வந்தது, நான்கு துண்டங்கள் கவருக்குள் விழுந்தன. நான் மூச்சு ஒன்று விட்டு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது. சதை பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

இங்கே சூரையை வலை போட்டுப் பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு மீனும் தூண்டிலில் வந்ததுதான். விடிவதற்கு முன்னாலேயே வளையத்துக்குள் இருக்கும் ஆழமில்லாத கடலில் பொடிமீன்களைப் பிடித்துப் படகின் அடியில் தண்ணீரோடு உயிராக வைத்துக்கொள்கிறார்கள். வெளிக்கடலில் பறவைகள் வட்டமடிக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பொடிமீனை வீசுகிறார்கள். படகின் பின்பக்கத்திலிருந்து தண்ணீரைத் தூவுகிறார்கள். மேல்மட்டம் கலங்கி, மீன்கூட்டம் துள்ளுகிற மாதிரி தெரியும். சூரைக் கூட்டம் வெறி பிடித்து மேலே வருகிறது. தூண்டில் முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கும் எதிர்ச்செதில் கிடையாது. கோலை ஒரு சுண்டு சுண்டினால் மீன் ஆளின் தலைக்கு மேலே பறந்து தளத்தில் விழுந்து தானே கழன்றுகொள்ளும். கோல் அடுத்த நொடி மறுபடி கடலில். ஆமை, டால்பின், சுறா எதுவும் மாட்டாது. உலகமெல்லாம் கடலை வாரித் துடைக்கிற இந்தக் காலத்தில், பல நூறு வருஷப் பழக்கத்தைச் சட்டமாக்கி விடாமல் வைத்திருக்கிறார்கள். இவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது இங்கேதான்.

அந்த மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் வாரக்கணக்கில் காயவைத்தால் மாசி. திவேஹியில் 'மஸ்' என்றாலே மீன்தான். நம் அடுப்படிக்கு வந்த சொல் எந்த வழியாக வந்திருக்கும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

அப்புறம் நடந்து நடந்து 1658-இல் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல். பவளக் கல்லை அறுத்து, சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். கல்லின் மேலே செதுக்கு வேலை, நெருங்கிப் பார்த்தால் பவளத்தின் துளைகளும் தெரிகின்றன. 1153-இல் இஸ்லாத்துக்கு மாறுவதற்கு முன்னால் இந்த நாடு பௌத்த நாடு. அதற்கும் முன்னே நமக்கு ஒரு தொடர்பு உண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இந்தத் தீவுகள்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பக்கத்திலேயே மஜ்லிஸ், அதாவது நாடாளுமன்றம். 1965-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து விடுபட்டு, 1968-இல் சுல்தான் ஆட்சியை முடித்துக் குடியரசானது நாடு. 1978 முதல் 30 வருஷம் ஒரே அதிபர், மௌமூன் அப்துல் கயூம். 1988 நவம்பரில் அவரைக் கவிழ்க்க வந்த கூலிப்படையில் இருந்தவர்கள் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த ஈழத் தமிழர்கள். அன்று இரவே இந்திய ராணுவம் விமானத்தில் வந்து இறங்கி முறியடித்தது. நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்ததும் டீக்கடையில் ஒரு பெரியவர் எடுத்த முதல் பேச்சு இதுதான். கோபமில்லாமல், நேற்று நடந்த மாதிரி, எந்தத் தெருவில் சுட்டார்கள் என்று கையால் காட்டினார். நான் கேட்டுக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

2008-இல் புதிய அரசியல் சட்டம், பல கட்சித் தேர்தல். அதற்குப்பின் வந்த தேர்தல்களில் பதவியில் இருந்த ஒரு அதிபரைக்கூட மக்கள் மறுபடி தேர்ந்தெடுக்கவில்லை. இப்போதைய அதிபர் முகமது முய்சு 2023-இல் வென்றவர். மஜ்லிஸில் 93 பேர். எங்கள் தூத்துக்குடித் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேலான வாக்காளர்களுக்கு ஒரே ஒரு எம்.எல்.ஏ. இங்கே சுமார் மூவாயிரம் வாக்காளர்களுக்கு ஒருவர். 2024 தேர்தலில் அந்த 93 பேரில் பெண்கள் 3 பேர்தான். குடிமகனாக இருக்க முஸ்லிமாக இருக்கவேண்டும் என்பதும் அதே அரசியல் சட்டத்தில் உண்டு.

மூன்றாம் நாள் – ஹுல்ஹுமாலே

இன்றைக்கு முழுக்க மண்ணும் தண்ணீரும்தான்.

நாட்டின் தரை சராசரியாகக் கடல்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர்தான் மேலே. 1987-இல் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அதற்குப்பின் ஜப்பான் உதவியோடு நாற்கால் சிமென்ட் கட்டைகளை அடுக்கித் தீவைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். 2004 சுனாமியில் மாலே பெரிய சேதமில்லாமல் தப்பியதில் அந்தச் சுவருக்குப் பங்குண்டு. சுவர் இல்லாத தீவுகள் தப்பவில்லை. ரா வளையத்தில் காந்தொளுதூ என்ற தீவில் குடியிருக்கவே முடியாமல் போய், முழு ஊரும் வெளியேறியது. நாலு வருஷம் தற்காலிக வீடுகளில் கிடந்தபிறகு ஆளில்லாத துவாஃபரு தீவில் புது ஊர் கட்டிக் குடியேற்றினார்கள். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை சுனாமியைப் பார்த்த கரை எங்களுடையது. திரும்பிப் போக ஊர் என்று ஒன்று எங்களுக்கு மிச்சம் இருந்தது.

ஹுல்ஹுமாலே கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவு. 1997-இல் வேலை தொடங்கி, 2004-இல் ஜனங்கள் குடிவந்தார்கள். மாலேயைவிட உயரமாக, சுமார் இரண்டு மீட்டருக்குத் தரையை ஏற்றியிருக்கிறார்கள். அகலத் தெருக்கள், அடுக்குமாடிகள், மரங்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். காலுக்குக் கீழே இருப்பது கடலடியிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கொட்டிய மணல். எதிரே எழும்பும் கட்டடத்துக்கான ஜல்லியும் ஆற்று மணலும் கப்பலில் வந்தவை. இந்தியா ஒவ்வொரு வருஷமும் இவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு வைத்து அனுப்புகிறது. 2024-25 ஒதுக்கீட்டில் ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன், அரிசி 1,24,218 டன், முட்டை 42 கோடிக்கு மேல். மணலுக்கு நடுவே மணலை இறக்குமதி செய்யும் நாடு. பவள மணலில் உப்பு இருக்கிறது, அதை வைத்துக் கான்கிரீட் போட்டால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். தோண்டினால் கரையும் அரித்துப் போகும்.

குடிதண்ணீரும் அப்படித்தான். தீவுகளில் ஆறு, ஏரி கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய தட்டாக மிதக்கும், அதுதான் கிணற்று நீர். கூட்டம் பெருகினால் அது கெட்டுவிடும். மாலேயில் குழாயைத் திறந்தால் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்து ஒரு லட்சம் பேர் தண்ணீரில்லாமல் தவித்தபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. நான் தங்கிய வீட்டம்மா அந்த வாரத்தைப் பற்றிச் சொல்லும்போது குழாயை இறுக்கி மூடினார். அவர் அறியாமலே கை போயிற்று.

நான்காம் நாள் – குல்ஹுதுஃபுஷி

மாலேயிலிருந்து வடக்கே சுமார் 275 கிலோமீட்டர். சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பெரியப்பா மகள், எனக்கு அக்கா, இந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் இந்தத் தீவுகளுக்கு வருவது நெடுநாள் வழக்கம். அக்கா வந்து எட்டு வருஷமாகிறது.

வழியெல்லாம் ஜன்னலில் சொகுசு விடுதிகளைப் பார்த்தேன். கடலுக்குள் கம்பு நட்டுக் கட்டிய குடில்கள், மேலிருந்து பார்க்க மீன்முள் மாதிரி. 1972 அக்டோபரில் குரும்பா என்ற தீவில் முதல் விடுதி திறந்தது. 2024-இல் வந்த சுற்றுலாப் பயணிகள் 20 லட்சத்துக்கு மேல், நாட்டு மக்களைப் போல நாலு மடங்கு. ஆளில்லாத தீவை அரசு குத்தகைக்கு விடும், ஒரு தீவுக்கு ஒரு விடுதி. குடிதண்ணீர், மின்சாரம், கழிவு எல்லாமே விடுதிக்காரர் பாடு. குத்தகைப் பணம், சுற்றுலா ஜி.எஸ்.டி. 17 சதவீதம், ஆளுக்கு ஒரு இரவுக்கு இத்தனை டாலர் என்று பசுமை வரி, இவற்றில்தான் அரசாங்கம் நடக்கிறது. மது அந்தத் தீவுகளோடு நின்றுவிடும், ஊர்த் தீவுகளில் கிடையாது. நீச்சலுடைக்கும் ஊர்த் தீவுகளில் தனியாக ஒதுக்கிய கரை இருந்தால்தான் உண்டு. ஆனால் காசும் வெகுகாலம் அங்கேயே நின்றுவிட்டது. 2009-க்குப் பிறகுதான் ஊர்த் தீவுகளில் சாதாரண ஜனங்கள் விருந்தினர் இல்லம் நடத்த வழி பிறந்தது. என்னைக் கேட்டால், இந்த நாட்டுச் சுற்றுலாவில் உருப்படியான காரியம் அதுதான்.

அக்கா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள்.

"என்னடே, கருத்துப் போயிட்ட?"

"மூணு நாள் வெயில்ல்லா அலைஞ்சேன்."

"வா, இன்னும் மூணு நாள் அலையவேண்டியிருக்கு."

வீட்டில் சப்பாத்தி மாதிரியான ரொஷியும் மஸ்ஹுனியும். மஸ்ஹுனி என்றால் மாசியை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைவது. மாமா செய்யும் சம்பலேதான், அம்மியில் அரைக்காமல் கையால் பிசைந்திருக்கிறார்கள். வெங்காயம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். "நம்மூர்லேர்ந்துதான்" என்றாள். 2020-இல் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக இந்த ஊருக்கும் மாலேக்கும் நேரடிச் சரக்குக் கப்பல் விட்டார்கள், அதன் படத்தைப் பேப்பரில் பார்த்தது ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள் – சதுப்பும் கயிறும்

ஊருக்கு வடக்கே பெரிய சதுப்பு நிலம், சுற்றிலும் அலையாத்தி மரங்கள். இவர்கள் 'குல்ஹி' என்கிறார்கள், ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்கள் காலங்காலமாகத் தேங்காய் மட்டையை இந்தச் சேற்றில் புதைத்து ஊறவைத்து நார் எடுத்தார்கள். நல்ல கயிறு என்றால் நாடு முழுக்க இந்த ஊர்ப் பேரைத்தான் சொல்வார்கள். ஆண்களுக்குச் சுறா வேட்டை, பெண்களுக்குக் கயிறு. 2010-இல் சுறா பிடிப்பதை நாடு முழுக்கத் தடை செய்தார்கள். அப்புறம் சதுப்பின் ஒரு பெரும்பகுதியைத் தூர்த்து விமான நிலையம் கட்டினார்கள். 2019-இல் திறந்தது. நேற்று நான் வந்து இறங்கியது அதில்தான்.

அக்காவின் பக்கத்து வீட்டுப் பாட்டி மிச்சமிருக்கும் குல்ஹிக் கரைக்கு எங்களைக் கூட்டிப்போனார். எழுபது வயதுக்கு மேலே இருக்கும். தான் மட்டை புதைத்த இடத்தைக் காட்டினார். அங்கே இப்போது கம்பிவேலி. வீட்டில் பழைய நார் கொஞ்சம் வைத்திருந்தார். தொடையில் வைத்து இரண்டு புரியை ஒரே உருட்டில் முறுக்கி, திரும்பி உருட்டி ஒன்றாக்கினார். உள்ளங்கை ரேகையே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. கயிறு மட்டும் பிசிறில்லாமல் வழுவழுவென்று நீண்டுகொண்டே வந்தது. அவர் வீட்டு வாசலில் தொங்கும் ஜோலி, அதாவது வலைபோல் பின்னிய நாற்காலி, அந்தக் கயிற்றில்தான் செய்தது. உட்காரச் சொன்னார். உடம்பு வாகுக்கு அப்படியே இறங்கிக்கொடுத்தது.

மழை பெய்தால் முன்பெல்லாம் தண்ணீர் குல்ஹிக்குப் போய்விடும், இப்போது தெருவில் நிற்கிறது என்றார். அக்கா மொழிபெயர்த்தாள். இன்னொரு பக்கமும் உண்டு. அவருடைய மகளுக்கு நடுராத்திரி பிரசவ வலி கண்டு மாலேக்குத் தூக்கிப்போகவேண்டிவந்தபோது படகில் இன்னொரு தீவுக்குப் போய்த்தான் விமானம் ஏறியிருக்கிறார்கள். ஓடுதளம் வந்தபின் பேத்திக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவரே இரண்டையும் சொன்னார், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கவில்லை.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இன்னொரு தீவு ஹனிமாதூ. இங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அங்கே முன்பே விமான நிலையம் இருந்தது. இந்தியக் கடனுதவியில் அதைப் பெரிதாக்கி 2025-இல் திறந்தும் விட்டார்கள். நடுவில் நல்ல படகு வசதி இருந்திருந்தால் இந்தச் சேறு தப்பியிருக்கும் அல்லவா? ஒவ்வொரு தீவும் தனக்கென்று எல்லாம் வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் அதைத் தருவதாக யாராவது வாக்குக் கொடுப்பதும் நடக்கிறது. நிலமே இல்லாத நாட்டில் அதன் விலையைச் சதுப்பும் பவளமும் கட்டுகின்றன.

ஆறாம் நாள் – ஒரு சின்னத் தீவு

அக்கா முதலில் வேலை பார்த்த தீவுக்கு வேகப்படகில் போனோம். 2022 முதல் அரசு நடத்தும் அதிவேகப் படகுகள் இந்த வடக்கு வளையங்களில் ஓடுகின்றன. பஸ் மாதிரி நேரம் போட்டு, சீட்டு வாங்கி ஏறலாம். முன்பெல்லாம் யாருடைய படகாவது போகிறதா என்று துறைமுகத்தில் காத்துக் கிடக்கவேண்டும் என்றாள்.

கரையிலிருந்து கரைக்கு நடந்து கடக்கப் பத்து நிமிஷம் போதும். ஜனம் அறுநூறு பேர் இருக்கலாம். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனேன்: கல்லணை கட்டிய துறைமுகம். டீசல் மின்நிலையம். கடல்நீர்ச் சுத்திகரிப்பு. பத்தாம் வகுப்பு வரை பள்ளி. டாக்டர் உள்ள சுகாதார நிலையம். நீதிமன்றம். தீவுக் கவுன்சில் அலுவலகம். பள்ளிவாசல். குப்பை மேடு. கைபேசிக் கோபுரம். நம்மூரில் அறுநூறு பேர் இருக்கும் கிராமத்தில் இதில் ஒன்றிரண்டு இருக்கும், மற்றதற்குப் பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போவோம். இங்கே பக்கத்து ஊர் என்பது கடலுக்கு அந்தப்பக்கம். ஆகவே ஒவ்வொரு தீவும் ஒரு குட்டி நாடாக இருந்தாகவேண்டும். மாலத்தீவு அரசு ஒரே வேலையை 190 தடவை செய்கிறது. எல்லாவற்றுக்கும் டீசல் படகில் வருகிறது. கடன் ஏன் நாட்டின் ஒரு வருஷ உற்பத்தியையும் தாண்டி நிற்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இந்தக் கரையில் கிடைத்தது.

குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தீவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது. 2012 முதல் ஆசந்தா என்ற அரசுக் காப்பீடு எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு, உள்ளூரில் முடியாத சில சிகிச்சைகளுக்கு இந்தியாவுக்கும் அனுப்புகிறார்கள். எங்கோ நடுக்கடலில் இருக்கிறோம் என்பதற்காக யாரையும் கைவிடவில்லை.

கவுன்சில் அலுவலகத்தில் டீ கொடுத்தார்கள். 2010 சட்டம்தான் தீவுக் கவுன்சில்களுக்கு வழி செய்தது, 2019 திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆனது. எங்களோடு பேசிய உறுப்பினரும் ஒரு பெண்தான். முன்னாள் மாணவியின் தாயார் என்பதால் அக்காவைக் கட்டிக்கொண்டார். என்ன வேண்டும் உங்கள் ஊருக்கு என்று கேட்டேன். துறைமுக வாயிலை ஆழப்படுத்தவேண்டும், மணல் சேர்ந்துவிட்டது, தென்மேற்குக் காற்று வந்தால் படகு உள்ளே வராது என்றார். பள்ளிக்கு இன்னொரு கட்டடமா என்றேன். சிரித்தார். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பத்தாவது முடித்ததும் மாலேக்குப் போய்விடுகிறார்கள் என்றார்.

சாயங்காலம் கரையில் ஹொளுஆஷி என்ற மரப்பந்தலில் ஆண்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு வீட்டில் ரிஹாக்குரு காய்ச்சும் வாசனை. சூரை அவித்த தண்ணீரை மணிக்கணக்காகக் காய்ச்சிக் கரும்பழுப்புக் குழம்பாக வற்றவைப்பது. ஒரு புட்டி எனக்கும் கிடைத்தது.

ஏழாம் நாள் – மறுபடி மாலே

விமானம் ராத்திரிதான். மாலேயில் மீதிப் பணத்தை மாற்றப் போனேன். ருஃபியா டாலருக்கு 15.42 என்று அரசு கட்டிவைத்திருக்கிறது, ஆனால் அந்த விலைக்கு டாலர் சுலபமாகக் கிடைப்பதில்லை. அரிசி, டீசல், மருந்து என்று எல்லாவற்றையும் டாலர் கொடுத்து வாங்குகிற நாடு. விடுதிகள் சம்பாதிக்கும் டாலர் முழுவதும் நாட்டு வங்கிகளுக்குள் வந்துவிடுவதில்லை. 2024 அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணய மாற்று ஏற்பாடாகக் கொடுத்துத் தாங்கியது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் இந்திய ராணுவம் வெளியேறவேண்டும் என்று சொல்லித் தேர்தலில் வென்ற அதே அரசாங்கத்துக்கு. அண்டை வீட்டோடு சண்டை போட்டாலும் வெங்காயத்துக்கு அங்கேதான் போகவேண்டும். இதில் இரண்டு பக்கத்துக்கும் வெட்கப்பட எதுவும் இல்லை.

மார்க்கெட்டில் அக்காவுக்கு முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வாங்கினேன். அவள் ஊரில் அபூர்வம். அட்டைப்பெட்டியில் கட்டி வடக்குத் துறைமுகத்துக்குத் தூக்கிப்போனேன். தீவுகளுக்குப் போகும் சரக்குப் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஊர்ப் பெயர் எழுதிய பலகை. முட்டை அட்டைகள், கேஸ் சிலிண்டர், மெத்தை, ஒரு கதவு, இரண்டு ஜோடி ஆடு. குல்ஹுதுஃபுஷிப் படகைக் கண்டுபிடித்துப் பெட்டியை நீட்டினேன். படகுக்காரர் என்னை யார் என்றுகூடக் கேட்கவில்லை. தடித்த பேனாவால் பெட்டிமேல் அக்காவின் போன் நம்பரை எழுதினார், கீழே வலமிருந்து இடமாகத் தானா எழுத்தில் ஏதோ எழுதினார். இந்த எழுத்தில் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை என்று அக்கா சொல்லியிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்றேன். "டீச்சர்" என்றார். ரசீது இல்லை. பெட்டி ஆட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

வீடு வந்து இரண்டாம் நாள் – தூத்துக்குடி

மாசியையும் பாட்டி திரித்த கயிற்றில் ஒரு முழத்தையும் மாமாவிடம் கொடுத்தேன். மாசியை முகர்ந்து பார்த்து வைத்துவிட்டார். கயிற்றைத்தான் ரொம்ப நேரம் விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "இது அந்த வடக்குத் தீவுக் கயிறுல்லா" என்றார். நான் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

காலையில் அக்கா போன் பண்ணினாள். பெட்டி நேற்றிரவே வந்துவிட்டதாம். கறிவேப்பிலையில் பாதியை ஆடு தின்றுவிட்டது, மீதி நன்றாக இருக்கிறது, முருங்கைக்காயில் இரண்டைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தேன் என்றாள்.